கதவின் உயரத்தில் தொடங்குங்கள்: வாசகர் கேள்வி–பதில்

மெய்நிகர் இடங்களைக் கட்டுவது பற்றி இந்தப் பகுதியில் எழுதத் தொடங்கியதிலிருந்து, "எந்த மென்பொருள் நல்லது?" என்ற கேள்வி வேடம் மாற்றி மாற்றி வந்துகொண்டே இருக்கிறது. தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் இந்த இதழை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன். அருங்காட்சியகங்களுக்கு, உள்ளே நடந்து பார்க்கும் கூடங்களைக் கணினியில் கட்டித் தருவது என் தொழில். என் விருப்பு வெறுப்புகள் அங்கிருந்து வந்தவை. திரைப்பட வரைகலை செய்பவரைக் கேட்டால் வேறு பதில் சொல்வார். அதுவும் சரியாகவே இருக்கும்.

கேள்வி: அம்மா, நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ஒரு பழங்காலத் துறைமுகத்தின் கடைத்தெருவை மாணவர்கள் தங்கள் கைபேசியிலேயே உலவிப் பார்க்கும்படி கட்ட ஆசை. பிளெண்டர் கற்றுக்கொள் என்கிறார் ஒருவர். ஸ்கெட்ச்அப் எளிது என்கிறார் இன்னொருவர். மாயா இல்லாமல் தொழில்முறைத் தரம் வராது என்கிறார் என் உறவினர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவரையும் சற்று நேரம் உட்கார வையுங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட சொல் "கைபேசி". ஓர் இடத்தை எதில் கட்டுகிறோம் என்பதை, அது எங்கே திறக்கப்போகிறது என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். இதை எத்தனையோ பேரிடம் சொல்லியாகிவிட்டது. தலையாட்டுகிறார்கள், வீட்டுக்குப் போனதும் முதலில் மென்பொருளைத்தான் இறக்குகிறார்கள்.

அந்த மூவரும் சொன்ன பிளெண்டர், ஸ்கெட்ச்அப், மாயா மூன்றும் மாடலிங் மென்பொருள்கள். இந்த வேலையில் அவை செய்வது வடிவத்தை மட்டும்: சுவர், தூண், கூரை, படி. அவற்றுக்கு நடுவே ஆளை நடக்க வைப்பது, சுவரில் முட்டினால் நிறுத்துவது, கதவைத் தள்ளினால் திறக்கச் செய்வது எல்லாம் வேறொரு மென்பொருளின் வேலை. அதை இன்ஜின் என்போம். யூனிட்டி, அன்ரியல், கோடோ ஆகியவை அந்த வகை. பிரவுசரில் திறந்தால் போதும் என்றால் த்ரீ.ஜேஎஸ், பாபிலோன்.ஜேஎஸ், ஏ-ஃப்ரேம் போன்ற நிரல் தொகுப்புகள் அதே வேலையைச் செய்கின்றன. உங்கள் மாணவர்கள் எதையும் நிறுவாமல் ஒரு சுட்டியைத் தொட்டதும் தெருவில் நிற்க வேண்டும் என்றால், உங்கள் வழி இந்த இரண்டாவது வழி.

அந்த வழியில் செல்லும் கோப்பு வடிவம் ஜிஎல்டிஎஃப். குரோனோஸ் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு வெளியிட்டது. இப்போது புழங்கும் 2.0 பதிப்பு 2017-இல் வந்தது, 2022-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. வடிவம், நிறம், படங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் அடைத்தால் அதற்கு ஜிஎல்பி என்று பெயர். ஆகவே உங்களுக்கான கேள்வி சுருங்கிவிடுகிறது: எந்த மென்பொருள் நல்ல ஜிஎல்பி கோப்பை எழுதும்? பிளெண்டரில் அந்த வசதி கூடவே வருகிறது. மாயாவில் கூடுதல் செருகி தேடிச் சேர்க்க வேண்டும். ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பில் வெளியே எடுத்துச் செல்லும் வழிகளே குறைவு.

உங்கள் உறவினரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மாயா 1998-இலிருந்து இருக்கும் பெரிய கருவி. முகபாவம் காட்டி நடமாடும் பாத்திரங்களைச் செய்வதில் அதன் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் உங்கள் தெருவில் இருப்பவை திண்ணையும் தூணும். அவற்றுக்கு முகபாவம் தேவைப்படாது.

ஸ்கெட்ச்அப் சொன்னவர் பாதி சரி. ஒரு செவ்வகம் வரைந்து, அதை மேலே இழுத்தால் சுவர். இவ்வளவு சீக்கிரம் கைக்கு அடங்கும் கருவி வேறில்லை. கட்டட வரைவாளர்களிடையே அது பரவியதற்கு அதுவே காரணம். சிக்கல், கோப்பு வெளியே போகும்போது வருகிறது. ஸ்கெட்ச்அப்பில் ஒவ்வொரு பரப்புக்கும் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உண்டு. வரைபவரின் திரையில் இரண்டு பக்கமும் தெரிவதால் எது எந்தப் பக்கம் என்று யாரும் கவலைப்படுவதில்லை. இன்ஜின்களோ வேலையைக் குறைக்க, பின்பக்கத்தைப் பெரும்பாலும் வரைவதே இல்லை. விளைவு, தெருவில் பாதிச் சுவர்களைக் காணோம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் மட்டும் இருக்கின்றன. இதைத் திருத்தலாம், ஆனால் ஒவ்வொரு சுவராகத் திருப்பிப்போடும் பொறுமை உங்களுக்கு வேண்டும். பிளெண்டரிலும் இந்தத் தவறு நேரும். அங்கே 'ஃபேஸ் ஓரியண்டேஷன்' என்ற ஒரு பொத்தானை அழுத்தினால் தப்பாகத் திரும்பிய பரப்புகள் எல்லாம் சிவப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே பிளெண்டர். ஆனால் அதை முழுவதும் கற்க முயலாதீர்கள். புகை, தலைமுடி, துணி, சிற்பம் செதுக்குதல் எல்லாம் உங்களுக்கு வேண்டாத அறைகள். கனசதுரத்தை இழுத்து நீட்டுதல், நடுவே வெட்டுக்கோடு போடுதல், ஒரே பொருளை வரிசையாகப் பெருக்குதல், பரப்பை விரித்துப் படம் ஒட்டுதல், கோப்பாக வெளியேற்றுதல்: இந்த ஐந்தும் வந்தால் கடைத்தெரு வந்துவிடும்.

முதலில் கட்ட வேண்டியது ஒரு கதவு. 2 மீட்டர் உயரம், அதன் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. இந்த இரண்டையும் கைபேசிக்கு அனுப்பி, அங்கே சரியான அளவில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்த பிறகு தெரு முழுவதையும் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளாகப் போட்டு அதற்குள் நடந்து பாருங்கள். சந்து குறுகலாக இருப்பது, மாடி முகத்தில் இடிப்பது, துறைமுகம் எங்கிருந்தும் கண்ணில் படாமல் போவது எல்லாம் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். அப்போது திருத்த ஐந்து நிமிடம் போதும். ஓடு வேய்ந்து, பலகையில் எழுத்து எழுதிய பிறகு தெரிந்தால் திருத்த மனம் வராது. எல்லாக் கடைகளையும் தனித்தனியாகச் செய்யவும் வேண்டாம். ஒரு தூண், இரண்டு விதச் சுவர், ஒரு வளைவு, ஒரு கூரைத் துண்டு செய்துகொண்டு அவற்றையே மாற்றி அடுக்குங்கள். வேறு வேறு கடைகளாகத்தான் தெரியும். கைபேசியும் ஒரே தூணை ஒரு முறை இறக்கிக்கொண்டு பல இடங்களில் நிறுத்திவிடும்.

கேள்வி: பிளெண்டர் இலவசம் என்கிறார்களே, கொக்கி எங்கே இருக்கிறது? நாளைக்குப் பணம் கேட்டால்? அதில் நான் செய்யும் கட்டடங்கள் யாருக்குச் சொந்தம்?

பதில்: உங்களுக்கே சொந்தம். விற்கலாம், வாடகைக்கு விடலாம், மறைத்தும் வைத்துக்கொள்ளலாம். பிளெண்டரின் உரிமம் அந்த நிரலைத்தான் கட்டுப்படுத்துகிறது, அதில் செய்த பொருளை அல்ல.

சந்தேகம் இயல்புதான், ஆனால் அதன் கதை கொஞ்சம் விசித்திரமானது. 1994-இல் நெதர்லாந்தில் நியோஜியோ என்ற அனிமேஷன் நிறுவனத்துக்குள் டான் ரோசென்டால் தொடங்கிய உள்வீட்டுக் கருவி அது. பிறகு அதை வைத்து ஒரு தனி நிறுவனம் நடந்து, 2002-இல் மூடியும்விட்டது. நிரலை விடுவிக்க முதலீட்டாளர்கள் கேட்ட தொகை 1,00,000 யூரோ. பயன்படுத்தியவர்களே நன்கொடை திரட்டி ஏழே வாரத்தில் கட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடம் தரும் குனூ பொது உரிமத்தில் நிரல் வெளியானது. அந்த உரிமத்தில் வெளியான பதிப்பை இனி யாரும் திரும்பப் பூட்டிவைக்க முடியாது.

நீங்கள் கட்ட வேண்டிய விலை வேறொன்று இருக்கிறது: அது அடிக்கடி மாறும். 2019-இல் வந்த 2.80 பதிப்பு முகப்பையே புரட்டிப்போட்டது, 2.79 வரை உள்ளேயே இருந்த விளையாட்டு இன்ஜினையும் எடுத்துவிட்டது. அதற்கு முந்திய பாட வீடியோவைப் பார்த்து "இந்தப் பொத்தான் என் திரையில் இல்லையே" என்று எழுதும் வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாடத்தைத் தொடங்குமுன் அது வெளியான ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி: நான் கட்டடக் கலைஞர். வாடிக்கையாளர்களை வி.ஆர். ஹெட்செட் மாட்டி, கட்டப்போகும் வீட்டுக்குள் நடக்க வைக்க நினைத்தேன். எங்கள் அலுவலக மாடலை அப்படியே இன்ஜினுக்குள் இறக்கினேன். கதவுகள் என்னைப் போல் மூன்று மடங்கு உயரம் நிற்கின்றன. தலையைத் திருப்பினால் காட்சி இழுத்து இழுத்து வருகிறது, ஒருவருக்குத் தலைசுற்றல். வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா, மேடம்?

பதில்: வாங்க வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பவை இரண்டு தனித்தனி நோய்கள்.

கதவு நோய் சுலபம். உங்கள் கதவு 210 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 210-ஐ அங்குலம் என்று இன்னொரு மென்பொருள் படித்துவிட்டால் கதவு 5.3 மீட்டர் ஆகிவிடும்; உங்கள் உயரத்துக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஸ்கெட்ச்அப் தன் கணக்கை உள்ளுக்குள் அங்குலத்தில் வைத்திருக்கிறது. யூனிட்டியில் ஓர் அலகு ஒரு மீட்டர், அன்ரியலில் ஒரு சென்டிமீட்டர், பிளெண்டரில் இயல்பாக ஒரு மீட்டர். போதாக்குறைக்கு மேல்நோக்கிய அச்சிலும் ஒற்றுமை கிடையாது: பிளெண்டருக்கும் அன்ரியலுக்கும் அது இசட், யூனிட்டிக்கும் ஜிஎல்டிஎஃப்புக்கும் ஒய். வீடு முதுகில் படுத்துக்கொண்டு வந்தால் காரணம் அதுதான். பிழை 2.54 மடங்கு என்றால் அங்குலமும் சென்டிமீட்டரும் இடம் மாறியிருக்கின்றன. 100 மடங்கு என்றால் மீட்டரும் சென்டிமீட்டரும். இன்ஜினுக்குள் வந்த பிறகு கண்ணளவில் சுருக்கிச் சமாளிக்காதீர்கள். வெளியேற்றும் இடத்தில் அலகைச் சரிசெய்து மறுபடி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை மாடல் மாறும்போது அதே கதவு அதே உயரத்தில் வந்து நிற்கும்.

இரண்டாவது நோய் கொஞ்சம் ஆழமானது. நொடிக்கு 90 முறை படம் மாறும் ஹெட்செட்டில், ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்க இன்ஜினுக்குக் கிடைப்பது சுமார் 11 மில்லிவினாடி. அதுவும் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து. பிந்தினால் தலை திரும்பிய பிறகு காட்சி திரும்புகிறது, வயிறு புரட்டுகிறது. கட்டட மென்பொருள்கள் இந்த அவசரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அளவு பிசகக்கூடாது என்பதுதான் அவற்றின் கவலை. அதனால் சுவருக்குள் ஒளிந்திருக்கும் குழாயும், கதவுக் கீலின் திருகாணியும்கூட உங்கள் கோப்பில் முழு உருவத்தோடு பயணம் செய்கின்றன.

எந்த வடிவத்தையும் இன்ஜின் முக்கோணங்களாகப் பிரித்தே வரைகிறது; முக்கோணம் கூடினால் நேரமும் கூடும். உங்கள் மாடிப்படியின் கைப்பிடியை மட்டும் எடுத்துக் கணக்குப் பார்ப்போம். 200 கம்பிகள் என்று கொள்ளுங்கள். பிளெண்டரில் ஓர் உருளையைச் சேர்த்தால் இயல்பாக 32 பக்கங்களோடு வரும். பக்கங்களுக்கு 64 முக்கோணம், மேல்மூடிக்கும் அடிமூடிக்கும் 60. ஆக ஒரு கம்பிக்கு 124. இருநூறுக்கும் 24,800. பரவாயில்லை என்று தோன்றும். ஒவ்வொரு கம்பியின் தலையிலும் அழகுக்காக ஓர் உருண்டை வைத்திருப்பார்கள் அல்லவா? இயல்பான உருண்டை ஒன்றுக்கு 960 முக்கோணம். இருநூறு உருண்டைக்கு 1,92,000. யாரும் குனிந்துகூடப் பார்க்காத குமிழ்கள், மொத்தக் கைப்பிடியைவிட ஏழு மடங்குக்கு மேல் விழுங்குகின்றன. கம்பியை எட்டுப் பக்கமாக்கி மூடிகளை நீக்கினால் 16 முக்கோணம்தான். உருண்டையையும் எட்டுத் துண்டு, ஆறு அடுக்கு என்று குறைத்தால் 80. எல்லாம் சேர்ந்து 19,200-க்குள் முடிந்துவிடும். படியேறுபவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விளிம்பில் வெளிச்சம் மழுங்கலாக விழும்படி நிழலீட்டை மட்டும் மென்மைப்படுத்திவிடுங்கள்.

இதையெல்லாம் தானாகக் குறைத்துத் தரும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. கட்டட மாடலுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. தட்டையான சுவரில் தேவையில்லாத கோடுகளை விட்டுவைத்துவிட்டு, சன்னல் மூலையைக் கடித்துவிடும். உங்கள் வரைவை ஒரு வார்ப்புருவாகப் பிளெண்டரில் வைத்து, கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பை மட்டும் அதன் மேலேயே புதிதாகக் கட்டுங்கள். கேட்கும்போது இரட்டை வேலை போலத் தோன்றும். மூவாயிரம் பொருளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்வதைவிட இது சீக்கிரம் முடியும். அப்படிக் கட்டும்போதே மெட்டீரியல்களையும், அதாவது பரப்பின் நிறமும் தன்மையும் சொல்லும் அமைப்புகளையும், குறைத்துவிடுங்கள். ஒரே பொருளில் பத்து மெட்டீரியல் இருந்தால் இன்ஜின் அதைப் பத்துத் தடவை வரைய வேண்டியிருக்கும்.

அலுவலகத்தில் புழங்கும் மென்பொருளை விடவே வேண்டாம். வரைவு அங்கே, நடக்கும் வீடு இங்கே.

கேள்வி: பிளெண்டரை எத்தனை நாளில் கற்றுக்கொள்ளலாம்?

பதில்: ஓர் அறை, ஒரு சன்னல், ஒரு மேசை என்றால் சில வார இறுதிகளில். "எல்லாவற்றையும்" என்றால் எனக்கே இன்னும் முடியவில்லை.

கேள்வி: பிளெண்டரில் செங்கல் சுவர் ஒன்றைச் செய்தேன். மழையில் நனைந்த பழைய சுவர் போலவே இருந்தது. ஜிஎல்பி கோப்பாகப் பிரவுசரில் ஏற்றினால் வெறும் வெள்ளைச் சுவர் நிற்கிறது! மாயாவிலோ வேறு எதிலோ செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா?

பதில்: ஆகியிருக்கும். உங்கள் செங்கல் படமாக எங்கும் இல்லை. பிளெண்டர் ஒவ்வொரு புள்ளியிலும் "இங்கே செங்கலா, பூச்சா?" என்று கணக்குப் போட்டு அந்தக் கணத்தில் வரைந்து காட்டுகிறது. அந்தக் கணக்கு பிளெண்டருக்குள்தான் இருக்கிறது. ஜிஎல்டிஎஃப் ஏற்றுக்கொள்வது படங்களையும் சில எண்களையும்: அடிநிறம், உலோகத்தன்மை, சொரசொரப்பு, மேடுபள்ளம், இன்னும் ஓரிரண்டு. எந்த மென்பொருளில் செய்தாலும் அந்தந்த மென்பொருளின் சொந்தக் கணக்கு வாசலிலேயே நின்றுவிடும்.

மருந்து, கணக்கைப் படமாக்குவது. தொழிலில் பேக்கிங் என்பார்கள். சுவரின் பரப்பை யுவியாக, அதாவது படம் ஒட்டுவதற்கான தட்டை விரிப்பாக, விரியுங்கள். மெட்டீரியல் பகுதியில் ஒரு புதிய வெற்றுப் படத்தைச் சேர்த்து, 2048-க்கு 2048 அளவு கொடுத்து, அந்தப் படப்பெட்டியைத் தேர்ந்தெடுத்த நிலையிலேயே வையுங்கள். ரெண்டர் இன்ஜினை (பிளெண்டருக்குள் காட்சியைப் படமாக்கும் பகுதி, மேலே சொன்ன இன்ஜின் அல்ல) சைக்கிள்ஸ் என்று மாற்றி, பேக் பகுதியில் 'டிஃப்யூஸ்' தேர்ந்து, நேர் ஒளி, மறைமுக ஒளி இரண்டின் குறியையும் எடுத்துவிட்டு நிறத்தை மட்டும் விடுங்கள். பொத்தானை அழுத்தினால் செங்கல் படத்தில் இறங்கிவிடும். உடனே அந்தப் படத்தைத் தனியாகச் சேமியுங்கள். பிளெண்டரை மூடினால் சேமிக்காத படம் போய்விடும், அதைக் கேட்டு அழும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பிறகு பழைய கணக்கைத் துண்டித்து, இந்தப் படத்தை அடிநிறத்தில் இணையுங்கள். சொரசொரப்புக்கும் மேடுபள்ளத்துக்கும் இதே போல இன்னும் இரண்டு முறை. நனைந்த தோற்றம் பெரும்பாலும் சொரசொரப்பில்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டால் சுவர் காய்ந்துபோய்விடும்.

படத்தை 4096 ஆக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். கோப்பில் ஜேபெக்காகச் சிறிதாய் இருக்கும் படம், வரைகலைச் சில்லின் நினைவகத்துக்குப் போனதும் முழுசாக விரிகிறது. ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 2048 படத்துக்கு 16 எம்பி. 4096 படத்துக்கு 64 எம்பி. தூரத்தில் காட்டுவதற்கான சிறிய நகல்களுக்காக மேலும் மூன்றில் ஒரு பங்கு. சுவருக்கு மூன்று படம், தரைக்கு மூன்று, கூரைக்கு மூன்று என்று போனால் கைபேசி எங்கே நிற்கும்? நான்கு செங்கல் அகலமுள்ள சிறு படத்தை விளிம்பு தெரியாமல் திரும்பத் திரும்ப ஒட்டுவதே சுவருக்குப் போதும். கேடிஎக்ஸ்2 என்ற வடிவத்தில் சுருக்கினால் சில்லுக்குள்ளும் சுருங்கியே இருக்கும். தெரு பெரிதானால் அதையும் பாருங்கள்.

கேள்வி: அன்ரியல் கற்றுவருகிறேன். அதிலேயே சுவர் எழுப்பும் வசதி இருக்கிறதே, தனி மாடலிங் மென்பொருள் எதற்கு?

பதில்: சாம்பல் பெட்டி கட்டத்துக்குத் தேவையே இல்லை. அன்ரியலின் மாடலிங் பகுதியும், யூனிட்டியின் புரோபில்டரும் அதற்கென்றே இருப்பவை. கட்டிய இடத்திலேயே நடந்து பார்க்கலாம், ஏற்றுமதித் தொல்லை கிடையாது. வளைந்த தூணும் செதுக்கிய நிலைவாசலும் வரும்போது பிளெண்டரைத் தேடுவீர்கள். அப்போது தேடினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. 2022-இல் வந்த அன்ரியல் 5-இன் நேனைட் என்ற வசதி, கோடிக்கணக்கான முக்கோணங்களையும் தானே சமாளிக்கும் என்பது உண்மை. நல்ல வரைகலை அட்டை உள்ள கணினிக்கு அது வரம். கைபேசிக்கும் தனித்து இயங்கும் ஹெட்செட்டுக்கும் அதை நம்பித் திட்டமிடாதீர்கள். அங்கே கைப்பிடிக் குமிழ்க் கணக்கு இன்னும் செல்லும்.

உரிமத்தையும் படித்துவிட்டுத் தொடங்குங்கள். அன்ரியலில் செய்த விளையாட்டின் மொத்த வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டினால்தான் பங்கு கேட்கிறார்கள். யூனிட்டி 2023 செப்டம்பரில், நிறுவும் எண்ணிக்கைக்குக் கட்டணம் என்று அறிவித்து, பெரும் எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டது. அந்த ஓராண்டில் பலர் கோடோ பக்கம் நகர்ந்தார்கள். அதன் உரிமம் எம்ஐடி. பங்கும் இல்லை, கட்டணமும் இல்லை.

கேள்வி: கல்லூரியில் மூன்று ஆண்டு மாயா படித்தேன். இப்போது எங்கு பார்த்தாலும் பிளெண்டர் என்கிறார்கள். படித்தது வீணா?

பதில்: பரப்பின் ஓட்டம் எப்படிப் போக வேண்டும், எங்கே வெட்டி விரித்தால் தையல் தெரியாது, எந்த விளிம்பைக் கூராக விட வேண்டும்: இவைதான் நீங்கள் படித்தவை. மாறப்போவது விசைகள் மட்டும். சாஃப்ட்இமேஜ் என்று ஒரு பெரிய மென்பொருள் இருந்தது. மாயாவை வைத்திருக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2008-இல் அதை வாங்கியது; 2015 பதிப்போடு நிறுத்தியது. அதில் ஊறிப்போயிருந்தவர்கள் எல்லாரும் வேறு மென்பொருளுக்கு மாற நேர்ந்தது. திட்டிக்கொண்டே மாறினார்கள். ஆனால் மாறினார்கள்.

நிறுவனம் சந்தா கட்டுகிறது, குழு முழுவதும் மாயாவில் இருக்கிறது என்றால் அங்கேயே இருங்கள். சொந்தமாகத் தொழில் செய்யப்போகிறீர்கள் என்றால் பிளெண்டருக்கு வாருங்கள். இடங்களைக் கட்டுவதையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளப்போகிறீர்கள் என்றால் மூன்றாவதாக ஒன்றையும் தொட்டுப் பாருங்கள்: ஹூடினி. வேலியை ஒருமுறை விதியாக எழுதிவிட்டால், கோட்டை வளைத்ததும் வேலி தானாக வளையும், கம்பங்கள் தானாகக் கூடும். பாறைச்சரிவு, காடு, நகரம் போன்ற பெரிய பரப்புகளில் அதன் அருமை தெரியும். கற்பது கடினம், மறைக்கவில்லை. வணிகமற்ற பயிற்சிக்கு 'அப்ரெண்டிஸ்' பதிப்பு இலவசம்.

கேள்வி: எங்கள் நண்பர் குழு, ஒரு சமூகத் தளத்துக்குள்ளேயே அதன் சொந்தக் கருவியால் ஒரு நூலகம் கட்டியது. தளத்தை மூடிவிட்டார்கள். எதுவும் மிச்சமில்லை. இனி எதை நம்புவது?

பதில்: வருத்தமாக இருக்கிறது. நீங்கள் தனியாக இல்லை: மாடல்களைப் பகிரும் கூகுளின் பாலி தளம் 2021-இல் மூடப்பட்டது, மைக்ரோசாஃப்டின் ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023-இல், மொசில்லா நடத்திய ஹப்ஸ் சேவை 2024-இல். ஹப்ஸின் நிரல் திறந்த மூலம் என்பதால் அதைத் தனியாக நடத்த முடிந்தவர்கள் பிழைத்தார்கள். அறைகளை வெளியே பிளெண்டரில் கட்டி ஜிஎல்பியாக ஏற்றியவர்கள் கோப்பை எடுத்துக்கொண்டு வேறிடம் போனார்கள். உள்ளேயே கட்டியவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

தளத்துக்குள் கட்டும் கருவிகளுக்கு ஒரு தனி சுகம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 2003-இல் திறந்த செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகில், நண்பர்கள் சுற்றி நின்று பார்க்க ஒருவர் பெட்டிகளை அடுக்கி வீடு எழுப்புவார். வெளியில் செய்த மாடலைக் கொண்டுவரும் வசதி அங்கே 2011-இல்தான் வந்தது. அதற்குள் ஊர்களே எழும்பிவிட்டன. அந்தக் கூட்டுக் களிப்பு பிளெண்டரின் முன் தனியாக உட்காருபவருக்குக் கிடைக்காது. விளையாட்டுக்குக் கட்டுங்கள், தாராளமாக. நூலகம் மாதிரி நிலைக்க வேண்டியதை மட்டும் வெளியே கட்டி உள்ளே கொண்டுபோங்கள்.

வைத்துக்கொள்ள வேண்டியவை: மூலக் கோப்பு, அதனுடன் ஒரு ஜிஎல்பி, படங்கள் தனிக் கோப்புறையில், எந்த அலகில் கட்டியது என்று ஒரு வரிக் குறிப்பு. மாடல்களைப் பரிமாறப் புழங்கும் எஃப்பிஎக்ஸ் கோப்பை மட்டும் வைத்திருப்பது போதாது. அது ஆட்டோடெஸ்க்கின் சொந்த வடிவம். 1997-இல் தரமாக ஏற்கப்பட்ட விஆர்எம்எல் என்ற பழைய முப்பரிமாண வடிவக் கோப்புகளை இன்றும் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து, சுவரின் புள்ளிகளைப் படிக்க முடிகிறது. மூடப்பட்ட தளங்களில் கட்டியதற்கு அந்த வாய்ப்பு இல்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி. தனி வரைகலை அட்டை இல்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கவாவது எனக்குத் தகுதி உண்டா?

பதில்: உண்டு. பிளெண்டர் கேட்கும் குறைந்தபட்ச நினைவகமே 8 ஜிபிதான். புதிய பதிப்பு திறக்க மறுத்தால் நீண்டகால ஆதரவுள்ள சற்றுப் பழைய பதிப்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதுவும் மூச்சு வாங்கினால் பிளாக்பெஞ்ச் இருக்கிறது: இலவசம், பிரவுசரிலேயே ஓடும், கட்டம் கட்டமான எளிய உருவங்களுக்கென்றே செய்தது, ஜிஎல்டிஎஃப்பும் எழுதும். பேக்கிங்குக்குத் தவிர சைக்கிள்ஸ் ரெண்டர் பக்கம் போகாதீர்கள். பேக்கிங் தேவைப்பட்டால் படத்தை 512 அளவில் வைத்து, இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். உங்கள் மடிக்கணினியில் தடங்கலில்லாமல் ஓடும் இடம், உங்கள் நண்பரின் கைபேசியிலும் பெரும்பாலும் ஓடும். புத்தம்புது வரைகலை அட்டையில் கட்டுபவர்களுக்கு இந்தச் சோதனை கடைசி வாரத்தில்தான் வருகிறது. கதவைக் கட்டி அனுப்புங்கள், பார்க்கிறேன். 2 மீட்டர்.